சீலிங்கில் புதுப் பூச்சு, மாடியில் நீட்டுக்கம்பி: கடலோரத்தில் பழைய வீடு வாங்கும் முன்

உச்சிப்புளியைச் சொந்த ஊராகக் கொண்ட, இப்போது சவூதியில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில், கடலிலிருந்து நடக்கும் தூரத்தில், 1998-இல் கட்டிய ஒரு மொட்டைமாடி வீடு விலைக்கு வருகிறது. விற்பவர் வாசகருடைய அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். 34 லட்சம் என்று பேசியாகிவிட்டது. வக்கீல் பத்திரங்களைப் பார்த்து வில்லங்கம் இல்லை என்று சொல்லிவிட்டார். பேங்க் அனுப்பிய இன்ஜினியரும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், லோன் கிடைத்துவிடும். போன மழைக்கு வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. விற்பதற்கு முன் இரண்டு அறைகளில் சீலிங்கைப் புதிதாகப் பூசி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், ஹாலில் ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்கிறார்கள். மனைவியின் அண்ணன் கொத்து மேஸ்திரி. அவர் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "தளம் நல்லாத்தான் இருக்கு மாப்ளே, மேல ஒரு வாட்டர் ப்ரூஃபிங் அடிச்சா போதும்" என்கிறார். நண்பர் ஒருவரோ, தனியாக ஓர் இன்ஜினியரை வைத்துத் தளத்தைச் சோதிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதே என்கிறார். அம்மாவுக்கு அதில் துளியும் சம்மதமில்லை. "சொந்தக்காரர் வீட்டுக்கு ஆள் கூட்டிட்டுப் போய் சோதனை போட்டா அண்ணன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" என்று கேட்கிறார். தாத்தா கட்டிய வீடு நூறு வருஷமாக நிற்கிறதே, இருபத்தேழு வருஷ வீட்டுக்கு என்ன வந்துவிடும் என்பதும் அவருடைய கேள்வி. நாலைந்து வருஷத்தில் மேலே ஒரு மாடி எடுக்கும் எண்ணமும் வாசகருக்கு உண்டு.

நண்பரே, சுருக்கமான பதில்: சோதிக்க வேண்டும், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சோதிக்க வேண்டும். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

அம்மாவின் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. தாத்தா வீடு சுண்ணாம்புக் காரையும் மரச் சட்டமும் வைத்துக் கட்டியதாக இருக்கும். கீழக்கரைப் பக்கம் இன்னும் நிற்கிற பழைய வீடுகளும் அப்படித்தான். அவற்றின் சுவரிலும் தளத்திலும் துருப்பிடிக்கக் கம்பி கிடையாது. உப்பு ஏறினால் பூச்சு பொரியும், வருஷத்துக்கொரு தரம் வெள்ளையடித்தால் முடிந்தது. நீங்கள் வாங்கப்போகும் வீட்டின் தளம் வேறு ஜாதி. அதன் பலத்தில் பாதி, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியில் இருக்கிறது. அந்த இரும்புக்கு நம் கடற்கரையைப்போல ஒரு எதிரி கிடைப்பது அரிது. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பைச் சோதிப்பதற்கென்றே பக்கத்திலிருக்கும் மண்டபம் ஊரில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. எங்கே இரும்பு சீக்கிரம் அழியுமோ அங்கேதானே அப்படியொரு நிலையம் வைப்பார்கள்!

கம்பி கான்கிரீட்டுக்குள் பத்திரமாக இருப்பதற்குக் காரணம் சிமெண்டின் காரத்தன்மை. அது இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை உடைத்துவிடும். அப்புறம் ஈரமும் காற்றும் போதும், துரு ஆரம்பித்துவிடும். துரு என்பது தேய்ந்துபோகிற இரும்பு மட்டுமில்லை, உப்பிப்போகிற இரும்பும்கூட. தான் இருந்த இடத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கீழே இருக்கும் கான்கிரீட் வெடித்து, ஒருநாள் பொத்தென்று விழும்.

குளோரைடு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, உப்புக்காற்று வழியாக, வெளியிலிருந்து மெதுவாக. இன்னொன்று, கட்டும்போதே. உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால், கடலோர மணலைக் கழுவாமல் கலந்திருந்தால், உப்பு முதல் நாளே கான்கிரீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்கிறது, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456. கடல் தண்ணீரில் அது ஏறத்தாழ 19,000 மில்லிகிராம். உவர்க் கிணறுகள் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் இருக்கும். 1998-இல் எந்தத் தண்ணீரில் கலவை போட்டார்கள் என்று வீட்டை விற்கும் மாமாவிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு பதிலே பாதி ரிப்போர்ட்.

வருஷத்தையும் கவனியுங்கள். ஐ.எஸ். 456 திருத்தி வெளிவந்தது 2000-இல். கடற்கரைப் பகுதியை அது கடுமையான சூழல் என்று வகைப்படுத்தி, குறைந்தது எம்30 கான்கிரீட் (எண் கூடினால் வலிமை கூடும்) வேண்டும், கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம், அதாவது கவர், 45 மில்லிமீட்டர் வேண்டும் என்கிறது. உங்கள் வீடு அதற்கு முந்தியது. அப்போது நடப்பில் இருந்த 1978-ஆம் வருஷப் பதிப்பில் பொதுவான குறைந்தபட்சம் எம்15, மேஸ்திரிகள் பாஷையில் 1:2:4, அதாவது சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நாலு. கவர் என்று முக்கால் அங்குலம் இருந்தாலே அதிர்ஷ்டம். கட்டியவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவரவில்லை, அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் கட்டினார்கள்.

ஒழுகவில்லை என்பது எதைச் சொல்கிறது?

மேலே தளவரிசை, அதாவது தண்ணீர் இறங்காமல் தளத்தின் மேல் போடும் அடுக்கு, நன்றாக இருக்கிறது, தண்ணீர் வடிகிறது என்பதைச் சொல்கிறது. 2024 நவம்பரில் ராமேஸ்வரம் தீவில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மழையையும் அந்த வீடு ஒழுகாமல் தாங்கியிருந்தால் நல்ல விஷயம்தான். ஆனால் கம்பி துருப்பிடிக்கத் தளம் ஒழுக வேண்டியதே இல்லை. உப்பு உள்ளே இருந்தால், நம் காற்றில் இருக்கும் ஈரமே போதும். ஒரு சொட்டும் ஒழுகாத வீட்டில் சீலிங் பெயர்ந்து விழுவதைக் கடலோரக்காரர்கள் எல்லாருமே பார்த்திருப்பார்கள்.

மச்சான் சொல்லும் வாட்டர் ப்ரூஃபிங்கும் இதே கணக்கில்தான் வரும். மேலே தண்ணீர் இறங்காமல் அது தடுக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே இருக்கும் உப்பை அது வெளியேற்றாது, தளத்தின் அடிப்பக்கம் காற்றுக்குத் திறந்தேதான் கிடக்கும். வெறும் பூச்சாக அடித்தால் பரவாயில்லை. பழைய தளவரிசையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே இன்னொரு கலவை, அதன் மேல் தட்டு ஓடு என்று ஏற்றிக்கொண்டே போகிறார்களே, அதுதான் பயம். ஒரு அங்குலக் கனத்துக்குக் கலவை போட்டால், 100 சதுர அடிக்கு ஏறத்தாழ அரை டன் பாரம் ஏறுகிறது. இளைத்துப்போன கம்பியின் தலையில்தான் அந்தப் பாரமும் உட்காரும்.

அந்தப் புதுப் பூச்சு

உங்கள் கடிதத்தில் என்னைச் சட்டென்று நிறுத்திய வரி இதுதான். வீட்டை நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு கேள்வியை எழுப்புகிறது. வீடு முழுக்கப் பூசவில்லை, இரண்டு அறையில் மட்டும் பூசியிருக்கிறார்கள். அந்த இரண்டில் அப்படி என்ன இருந்தது? ஹாலில் ஏன் ஃபால்ஸ் சீலிங்? அழகுக்காகவும் இருக்கலாம். விற்கப்போகிற வீட்டுக்கு அவ்வளவு செலவு செய்து அழகு பார்ப்பவர்கள் கொஞ்சம்தான்.

மாமா எதையோ மறைக்கிறார் என்று முடிவுகட்ட வேண்டாம். காரை பெயர்ந்தது, கொத்தனாரைக் கூப்பிட்டார், அவர் துருவைத் தேய்த்துவிட்டுப் பூசிவிட்டுப் போனார். பிரச்சினை தீர்ந்தது என்று மாமா உண்மையிலேயே நம்பியிருக்கலாம். ஆனால் உப்பு ஏறிய தளத்தில் ஒட்டுப்போட்டால் ஒரு விசித்திரம் நடக்கும். துருப்பிடித்துக்கொண்டிருந்த இடம் அதுவரை பக்கத்துக் கம்பிக்கும் சேர்த்துத் தானே அழிந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டால், அந்தப் பளு பக்கத்துக் கம்பி மேல் விழும். ஒட்டு அப்படியே இருக்க, அதன் ஓரத்தைச் சுற்றி இரண்டு மூன்று வருஷத்தில் புதிதாக வெடிப்பு வரும். அது உங்கள் காலத்தில் வரும், மாமா காலத்தில் இல்லை.

புதுப் பூச்சைத் தட்டிப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்கவும் முடியாது. புதுப் பூச்சு கெட்டியாகத்தான் ஒலிக்கும். மச்சானின் கைப்பழக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அவர் தட்டியது பூச்சை.

பேங்க் இன்ஜினியரும் வக்கீலும் பார்த்தது எதை?

வக்கீல் பார்த்தது பத்திரத்தை. பேங்க் இன்ஜினியர் பார்த்தது, கடன் திரும்பி வராவிட்டால் இந்தச் சொத்தை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்பதை. இடத்தின் அளவு, பிளான் அனுமதி, கட்டடத்தின் வயது, அக்கம்பக்க விலை, நாலு போட்டோ. இரண்டும் தேவையான வேலைகள்தான். ஆனால் உங்கள் வீட்டுக் கம்பி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பேங்க் அவரைக் கேட்கவுமில்லை, அவர் பூச்சைக் கொத்திப் பார்க்கவுமில்லை.

சரி, யாரைக் கூப்பிடுவது?

கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கும் எல்லாருக்கும் இந்த வேலை தெரியாது. பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளராக, பழைய கட்டடங்களைச் சோதித்துப் பழகியவராக இருக்க வேண்டும். ரிப்பேர் கான்ட்ராக்டும் தானே எடுப்பவராக இருந்தால் வேண்டாம். "இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்" என்று வரும் வாட்டர் ப்ரூஃபிங் ஆட்கள் கண்ணுக்கு எல்லாத் தளத்துக்கும் வாட்டர் ப்ரூஃபிங் தேவையாகத்தான் தெரியும். மதுரை, ராமநாதபுரத்தில் ஆள் கிடைப்பார்கள். இன்ஜினியரிங் கல்லூரி சிவில் துறைகள் சிலவும் இந்தச் சோதனைகளைக் கட்டணத்துக்குச் செய்து தருகின்றன. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் என்றே 34 லட்சத்துக்கு 9 சதவீதம், மூன்று லட்சத்துக்கு மேல் கட்டப்போகிறீர்கள். அதன் பக்கத்தில் இந்தச் செலவைச் செலவு என்றே சொல்ல முடியாது.

வந்தவர் டார்ச்சும் சுத்தியலும் வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு அரைமணியில் கிளம்பினால் பணம் வீண். இவற்றையெல்லாம் செய்யச் சொல்லுங்கள்:

வெடிப்பு எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் பூச்சு காய்ந்ததால் வருபவை. ஒரே நேர்கோட்டில், ஐந்தாறு அங்குலத்துக்கு ஒன்றாக ஓடும் வெடிப்பு என்றால் அது கம்பியின் பாதை. பழுப்புக் கறையும் கூட இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பூசாத அறைகளிலும், பூசிய இரண்டு அறைகளிலும், ஹாலின் ஃபால்ஸ் சீலிங்கில் இரண்டு பலகையைக் கழற்றியும், இடத்துக்கு ஒரு கையகலம் பூச்சைக் கொத்திக் கம்பியைக் கண்ணால் பார்க்க வேண்டும். பாத்ரூமுக்கு மேலே, தண்ணீர் டேங்குக்குக் கீழே, கடலைப் பார்த்த பக்கம் என்று இடங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கம்பியின் விட்டத்தை அளந்து எழுத வேண்டும்.

கருவிச் சோதனைகளில் முக்கியமானவை மூன்று. கவர் மீட்டர், கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும். ஹாஃப்-செல் மின்னழுத்தச் சோதனை, வெடிப்பு வராத இடத்திலும் உள்ளே துரு நடக்கிறதா என்று சொல்லும். அளவு மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டிக் கீழே போனால், துரு நடப்பதற்கு 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவது, கான்கிரீட்டைத் துளைபோட்டுத் தூளை எடுத்து லேபில் குளோரைடு பார்ப்பது. புதிதாகப் போடும் கான்கிரீட்டில் ஒரு கனமீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்பது விதி, அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் இந்தத் தூள் சோதனையைத்தான் கேட்பேன். ரீபவுண்ட் ஹேமர் என்று ஒன்றை வைத்து டக்டக்கென்று அடித்து எண் எழுதுவார்கள். அது மேற்பரப்பின் கெட்டித்தன்மையைத்தான் சொல்லும், அதை மட்டும் வைத்துச் சான்றிதழ் கொடுத்தால் ஏற்காதீர்கள்.

சன்ஷேடையும் பால்கனியையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். தளத்தில் முக்கியக் கம்பி அடிப்பக்கம் இருக்கும், கெட்டுப்போனால் காரை விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடில் முக்கியக் கம்பி மேல்பக்கம். கீழே நின்று பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும், மேலே மழைத்தண்ணீர் தேங்கிக் கம்பி அறுந்திருக்கும்.

ரிப்போர்ட் வந்த பிறகு

தளம் நன்றாக இருக்கிறது என்று வந்தால் நிம்மதியாக வாங்குங்கள். மோசம் என்று வந்தாலும் வீட்டை விட்டுவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. இடமும் அஸ்திவாரமும் சுவரும் இருக்கின்றன. தளத்தை மட்டும் இறக்கிவிட்டுப் புதிதாகப் போட முடியும். அதற்கு என்ன செலவாகும் என்று இன்ஜினியரிடமே எழுதி வாங்கி, விலையில் கழித்துப் பேசுங்கள். லோன் தவணையோடு அந்தப் பணத்தையும் உங்களால் புரட்ட முடியுமா என்பதையும் அப்போதே பாருங்கள். வீடு உங்கள் பெயருக்கு வந்த பிறகு பேங்க் இதற்கு மறுபடி பணம் தருமா என்பது நிச்சயமில்லை.

கஷ்டம் நடுவில்தான். சில இடம் கெட்டிருக்கிறது, சில இடம் பரவாயில்லை என்று வரும், பெரும்பாலும் அப்படித்தான் வரும். முறையான ரிப்பேர் என்றால், முட்டுக்கொடுத்து, கம்பிக்குப் பின்னால் வரை கான்கிரீட்டைக் கொத்தி, துருவைச் சுத்தமாக நீக்கி, இளைத்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, பாலிமர் கலந்த கலவையோ மைக்ரோ கான்கிரீட்டோ போட்டு மூட வேண்டும். ஒட்டின் ஓரத்தில் துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு கட்டிவைத்தால், கம்பிக்குப் பதில் துத்தநாகம் அழிந்து, நான் மேலே சொன்ன பக்கத்துக் கம்பிப் பிரச்சினை குறையும். கெட்ட பகுதி நிறைய என்றால் இதற்கெல்லாம் ஆகும் செலவு புதுத் தளத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்போது ஒட்டுப்போடுவதைவிட மாற்றுவதுதான் கணக்குக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம்.

கட்டடத்தில் குறை இருந்தால் ஐந்து வருஷத்துக்குக் கட்டியவர் பொறுப்பு என்று கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது 2016-ஆம் வருஷ ரியல் எஸ்டேட் சட்டத்தில், புதிதாகக் கட்டி விற்கும் புரமோட்டர்களுக்கு உள்ள விதி. ஒரு தனிமனிதர் தன் பழைய வீட்டை விற்கும்போது அது பொருந்தாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆனால் மாமாவுக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். சொந்தக்காரர் மேல் கேஸ் போடுவதற்குப் பதில் முன்னாலேயே பார்த்துவிடுவது எவ்வளவோ மேல் என்று அம்மாவுக்கும் புரியும்.

மாடி எடுக்கும் திட்டம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மேல்மாடிக்காக விட்ட நீட்டுக்கம்பிகள் மொட்டைமாடியில் நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். இருபத்தேழு வருஷம் உப்புக்காற்றில் நின்ற கம்பி, மேலே தெரியும் பகுதியில் மட்டும் கெட்டிருக்காது. தூணுக்குள் இறங்கும் இடத்தில்தான் ஈரம் தங்கும், அங்கேதான் அதிகம் இளைத்திருக்கும், அந்த வழியாகத் துரு தூணுக்குள்ளும் போகும். அந்த இடத்தைக் கொத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மாடி எடுக்கும் எண்ணத்தை இன்ஜினியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இப்போது இருக்கிற பாரத்துக்குத் தாங்குமா என்பது ஒரு கேள்வி, இன்னொரு மாடிக்கும் தாங்குமா என்பது வேறு கேள்வி. கேட்காத கேள்விக்கு அவர் ரிப்போர்ட்டில் பதில் இருக்காது.

மாமாவிடம் எப்படிச் சொல்வது?

மாடி எடுக்கும் திட்டத்தைச் சொல்லியே கேளுங்கள், அது பொய்யுமில்லை. "மாமா, மேல ஒரு மாடி எடுக்கலாம்னு இருக்கேன், கம்பியும் தளமும் தாங்குமான்னு இன்ஜினியர் பார்த்து எழுதித் தந்தாத்தான் பிளான் போட முடியும்" என்று நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்கள். அம்மாவைத் தூது அனுப்ப வேண்டாம், அவருக்கு அது சங்கடம். கொத்திய இடத்தையெல்லாம் உங்கள் செலவில் பூசி, பெயிண்ட் அடித்துத் தருவதாகவும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார். அதற்கும் மறுத்தால், ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றவே கூடாது என்றால், என்ன முடிவெடுப்பது என்று உங்களுக்கே தெரியும்.

லீவில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பூச்சைக் கொத்தும் நாளில் மச்சானை இன்ஜினியரோடு நிற்கச் சொல்லி வீடியோ காலில் நீங்களும் பாருங்கள். அட்வான்ஸைக் கட்டாயம் இப்போதே கொடுக்க வேண்டிய நிலை வந்தால், தளம் பற்றிய ரிப்போர்ட் திருப்தியாக இல்லாவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கும்படி உங்கள் வக்கீலிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.